பெர்லின் ஒலிநாடாவும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாளமும்

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடிகிற நேரத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஜன்னலுக்கு வெளியே நம்மோடு கூடவே ஓடி வருகிறது. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர்; அடுத்தது ராஜபாளையம். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் சுபாவத்தில் எத்தனை வித்தியாசம்! ஒன்று கோபுரத்தையும் பால்கோவாவையும் வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறது. மற்றது விடிவதற்குள் எழுந்து பஞ்சாலைக்குப் புறப்பட்டுவிடுகிறது.

ராஜபாளையம் என்றதும் சிலருக்கு நாய்தான் ஞாபகம் வரும். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த வெள்ளை நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள்! பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஆகவே இங்கே சங்கீதப் பைத்தியம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

நான் தங்கிய வீட்டு அம்மாளுக்கு அந்தப் பைத்தியம் சற்று அதிகம். இரவுச் சாப்பாடு முடிந்ததும், "யுத்த காலத்துக் கச்சேரி ஒன்று கேட்கிறீர்களா?" என்றார். எம். எஸ்ஸோ அரியக்குடியோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வந்ததோ பெர்லின் நகரத்து வாத்திய கோஷ்டி! கோஷ்டியை நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். தேதி 1945 ஜனவரி 23.

அந்தக் கோஷ்டியின் சொந்த மண்டபம் ஓராண்டுக்கு முன்பே குண்டுக்கு இரையாகிவிட்டது. அதனால் அன்று ஒரு நாடகக் கொட்டகையில் கச்சேரி. மொஸார்ட்டின் ஸிம்பொனி நடுவில் மின்சாரம் நின்றது. ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை, குளிரில் காத்திருந்தார்கள். விளக்கு வந்தபின் கோஷ்டி பிராம்ஸின் முதல் ஸிம்பொனியை வாசித்தது. அதில் கடைசிப் பகுதி மட்டுமே ஒலிநாடாவில் தப்பியிருக்கிறது. சில நாட்களில் ஃபுர்ட்வெங்லர் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய்விட்டார்.

அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம்தான் பிடிக்கும். ஜெர்மன் வானொலிக்காரர்களிடம் இருந்த காந்த ஒலிநாடாவிலோ இருபது நிமிஷம் தொடர்ந்து பதிவாகும். வால்டர் கீஸ்கிங் பியானோ வாசித்த ஒரு பதிவில், மெல்லிய இடங்களில் வெளியே விமான எதிர்ப்புப் பீரங்கி முழங்குவதுகூடக் கேட்கிறது. யுத்தம் முடிந்ததும் சோவியத் படையினர் பல நாடாக்களை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். 1987-ல்தான் அவற்றின் பிரதிகள் பெர்லினுக்குத் திரும்பத் தொடங்கின.

"இவ்வளவு உருக்கமாக நடத்தியவர் ஹிட்லருக்கும் நடத்தினாரே!" என்றார் அந்த அம்மாள். உண்மைதான். 1942-ல் ஹிட்லரின் பிறந்த நாளுக்கு முந்தின தினம் அவர் கச்சேரி நடத்தினார். நாஜிக் கட்சியில் சேராதவர். யூத வித்வான்கள் சிலருக்கு உதவியவர். 1946-ல் விசாரணை மன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. எனினும் நாட்டை விட்டுப் போயிருக்கலாமே என்ற கேள்வி தீரவில்லை. "கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் விளக்கை அணைத்தார்.

எனக்கும் தூக்கம் வரவில்லை. அதே வருஷங்களில் நம் கச்சேரிகள் என்ன ஆயின? சென்னை வானொலி நிலையம் 1938-ல் பிறந்தது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பாதிப் பட்டணம் மூட்டை கட்டியதே, அந்த நாட்களிலும் வித்வான்கள் நிலையத்துக்குப் போய் நேராகப் பாடினார்கள். வீட்டில் கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அவ்வளவுதான், பெரும்பாலும் காற்றோடு போயிற்று. இசைத்தட்டுக்காக நாலு நிமிஷத்தில் சுருக்கிப் பாடியவைதாம் மிச்சம். 'அடடா, நம்மிடம் நாடா இல்லாமல் போயிற்றே!' என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மார்கழி மாதம். ஆண்டாள் பிறந்த ஊரில், அவளுடைய முப்பது பாசுரங்களும் வாசலில் கோலம் போடுகிற சிறுமி வாயில்கூட இருக்கின்றன. மார்கழி உற்சவத்தில் இங்கே அரையர் சேவை உண்டு. கூம்பு போன்ற வெல்வெட் குல்லாய், கழுத்தில் மாலை, கையில் தாளம். பக்க வாத்தியம் கிடையாது. அரையர் பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார், பிறகு பழைய வியாக்கியானத்தைச் சொல்கிறார். இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய தலங்களில்தான் இது நடக்கிறது.

இதற்கு வழிவகுத்தவர் நாதமுனிகள் என்பது சம்பிரதாயம். யாரோ பத்துப் பாசுரம் பாடக் கேட்டாராம். ஆயிரத்தில் இவை பத்து என்று பாட்டிலேயே குறிப்பு இருக்கவே, மற்றவை எங்கே என்று தேடிக் குருகூருக்கே போய், நாலாயிரத்தையும் மீட்டு வந்து, தம் மருமக்கள் இருவருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். பெர்லின்காரர்கள் மாஸ்கோவிலிருந்து மீட்டதும் ஏறக்குறைய இதே கதைதானே!

ஆனால் ஒரு பேதம் உண்டு. பெட்டிக்குள் நாற்பது வருஷம் தூங்கினாலும் நாடா எழுந்து பாடிவிடும். தகப்பன் சொல்லப் பிள்ளை கற்கும் வித்தையில் ஒரு தலைமுறை தூங்கிவிட்டால் எழுப்ப ஆளில்லை. படம் பிடித்து வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். படம் குரலைக் காட்டும்; பிள்ளையின் தாளம் தப்பும்போது திருத்துமா? அரையர் வீடுகள் சிலவே. அந்த வீட்டுப் பிள்ளைகளும் காலேஜுக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் உத்தியோகம் வேண்டும், குடும்பம் நடக்க வேண்டும்.

சகோதரிகளே, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் பால்கோவா வாங்க மறக்காதீர்கள். அதோடு, உங்கள் மாமியாரோ பாட்டியோ ஒரு திருப்பாவையை, ஒரு தாலாட்டைத் தமக்கே உரிய மெட்டில் பாடுகிறவராக இருந்தால், கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டும் விடுங்கள். தப்பாகப் பாடினால் அவரே திருத்துவார்.