அறுபடும் தொடர்

கட்டுரையொன்றில் சான்றாக நான் காட்டியிருந்த இணையப் பக்கத்தைத் தேடிய மாணவர், “ஐயா, அங்கே ஒன்றுமில்லையே!” என்றார். நாணினேன். அறிவிப்பாளர் தொடர் அறுந்த நபிமொழியை வலுவற்றதெனக் கருதும் மரபினன் அல்லவா!

சான்பிரான்சிஸ்கோவில் புரூஸ்டர் கேல் 1996இல் நிறுவிய இணைய ஆவணக் காப்பகத்தில் அப்பக்கத்தின் படி கிடைத்தது. அக்காப்பகத்திற்கும் இடர்கள் உண்டு. 2020இல் நான்கு பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2023இல் தோற்று, ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்களை இரவல் தருவதை நிறுத்தியது. படைத்தோர்க்குப் பயன் சேர்தல் முறையே.

ஆயின் பழம்பக்கங்கள் மறைவதால் யார்க்கு ஆதாயம்? சொன்னதை மறுக்க விழைவோர்க்கே. 2014 சூலை 17இல் உக்ரைனில் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். வானூர்தியொன்றை வீழ்த்தியதாகக் கிளர்ச்சிப் படைத்தலைவர் ஒருவர் பெயரால் வெளிவந்த பதிவு பின்னர் அகற்றப்பட்டது. அதற்குமுன் காப்பகம் படியெடுத்திருந்தது.

அம்மாணவர் இப்போது காப்பகப் படியின் நாளையும் சேர்த்தே சான்று தருகிறார்.