அடிக்கு மூன்று மில்லிமீற்றர்

மே 6

ஆண்டை முடிவுசெய்துவிட்டேன்: 1963. சரக்குப் பெட்டியைச் சிறு உருவில் செய்யப்போகிறவர் அளவையும் நிறத்தையும் யோசிப்பதற்கு முன் ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும். "பழைய காலத்துக் கூட்ஸ் பெட்டி" என்று பொதுவாக ஒன்று இருந்ததே இல்லை. பட்டறையிலிருந்து புதிதாய் இறங்கிய அன்று அது ஒரு பெட்டி. இருபது வருடம் அரிசியும் உரமும் தேயிலையும் சுமந்து, பலகை மாறி, சாயத்தின் மேல் சாயம் ஏறி, ஹட்டன் கூட்ஸ் ஷெட்டின் முன் நின்றபோது அதுவே வேறொரு பெட்டி.

இங்கிலாந்தில் குளோஸ்டர் போன்ற இடங்களில் இருந்த வண்டி கட்டும் கம்பனிகள், வேலை முடிந்த வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்து வைத்தன. மாதிரி செய்கிறவர்கள் அந்தப் படங்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றில் இருப்பவை ஒரு நாள்கூட வேலை பார்க்காத வண்டிகள். எனக்கு வேண்டியது உழைத்த வண்டி.

1963 ஏன் என்றால், அந்த வருடம் பெரியப்பா ஹட்டன் கூட்ஸ் ஷெட்டில் சுமை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்த சாட்சி நிற்கும் இடத்தில்தான் நானும் நிற்க முடியும். இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த வருடம் ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இந்தியா போகிற தோட்டத்துச் சனங்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். மலையகத்து ரயில் என்றால் இன்று எழுதுகிறவர்கள் முதலில் அதைத்தான் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் நம் ஆட்கள் அந்தப் பாதையில் ஏறிப் போனவர்கள் மட்டுமல்ல, அதில் வேலை செய்தவர்களும்தான். அந்த வேலை எங்கே பதிவாகியிருக்கிறது? கூட்ஸ் பெட்டியின் உடம்பில்தான்.

மே 9

அளவை. இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இலங்கையின் அகலப்பாதை இந்தியாவுடையதைப் போல 5 அடி 6 அங்குலம். கடையில் வாங்கக்கூடிய மாதிரித் தண்டவாளத்தில் மிகவும் பரவலானது 16.5 மில்லிமீற்றர் அகலம். அது 4 அடி 8½ அங்குலப் பாதைக்காக, 1:87 அளவையில் செய்யப்படுவது. அதே அளவையில் நம் பெட்டியைச் செய்து அதன்மேல் வைத்தால் பாதை ஒடுங்கிப்போய், பெட்டி இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். இங்கிலாந்தில் வழக்கமான அடிக்கு 4 மில்லிமீற்றர் அளவையை எடுத்தால் நம் பாதை 22 மில்லிமீற்றர் ஆகிறது. அப்படி ஒரு தண்டவாளம் கடையில் இல்லை, சிலிப்பர் கட்டை முதல் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும்.

அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்துப் பாருங்கள். ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் பதினாறரை. மயிரிழை பிசகில்லை! விகிதத்தில் சொன்னால் 1:101.6. இங்கிலாந்தில் ட்ரையாங் கம்பனி 1957இல் அடிக்கு 3 மில்லிமீற்றர் அளவையில் பொம்மை ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு அந்த அளவை ஓரங்கட்டப்பட்டுவிட்டது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அதுதான் சரியான அளவை.

சக்கரமும் ஒத்துவருகிறது. அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளுக்காக 1:87இல் விற்கும் 33 அங்குலச் சக்கரத்தின் விட்டம் 9.6 மில்லிமீற்றர். என் அளவையில் அது 3 அடி 2½ அங்குலம். பிரித்தானியப் பாணிச் சரக்கு வண்டிகளின் சக்கரம் 3 அடி 1 அங்குலத்தை ஒட்டியது. இந்த வித்தியாசம் அரை மில்லிமீற்றரைத் தொடாது.

எனக்குப் பெரிய சந்தோஷம் வளைவில்தான். மலைப்பாதையின் கடுமையான வளைவுகளின் ஆரம் 5 சங்கிலி, அதாவது 330 அடி. என் அளவையில் 99 சென்ரிமீற்றர். இங்கிலாந்தில் அரை மைல் ஆரமுள்ள ஒரு சாதாரண வளைவை 4 மில்லிமீற்றர் அளவையில் உள்ளபடி போட்டால் பத்தரை மீற்றர் ஆரம் வரும், எந்த வீட்டு அறையிலும் அடங்காது. அதனால் அவர்கள் பெட்டியை அணுவணுவாகச் சரியாகச் செய்து, வளைவை மட்டும் பல மடங்கு குறுக்கிப் போடுகிறார்கள். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள பாதையைக் குறுக்கத் தேவையில்லை. மலை ஏற்கெனவே குறுக்கித் தந்திருக்கிறது. ஏற்றம் 44க்கு 1. மேசையில் 44 சென்ரிமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தினால் போதும்.

மே 17

கடுகண்ணாவ புகையிரத நூதனசாலைக்குப் போய்வந்தேன். இலங்கை ரயிலின் 150ஆவது ஆண்டு நிறைவன்று, 2014 டிசம்பர் 27இல் திறக்கப்பட்டது. வந்தவர்கள் எஞ்சின்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து பஃபரையும் கொக்கியையும் வக்கூம் குழாய் தொங்கும் விதத்தையும் வரைந்துகொண்டேன். குழாய் நேராகத் தொங்குவதில்லை, ஒரு பக்கம் சாய்ந்து வளைகிறது. சிறு உருவில் இந்த வளைவு தப்பினால் முகமே மாறிப்போகும்.

எஞ்சினுக்குப் பெயர், இலக்கம், செய்த கம்பனியின் தகடு எல்லாம் உண்டு. மான்செஸ்டரின் பேயர் பீகொக் கம்பனி 1927இல் கட்டிய மலைப்பாதை கராட் எஞ்சினைப் பற்றி வேண்டிய அளவு படிக்கலாம். அது இழுத்துப் போன பெட்டியைப் பற்றி யாராவது பேசினால் உண்டு. பழைய தபாலட்டைகளிலும் அப்படித்தான்: பாலம் தெரியும், எஞ்சின் தெரியும், பெட்டிகள் பின்னால் மங்கலாய் ஒரு வரிசை. அமெரிக்காவில் ரயில்பெட்டிகளின் உறுப்புகளுக்கென்று 1879இலேயே ஓர் அகராதி வெளிவந்தது. அங்கே இன்று ஒரு பெட்டியின் முனைச் சுவரில் எத்தனை மடிப்பு என்பதுவரை ஆதாரத்தோடு வாதிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1950இல் தொடங்கிய வரலாற்று மாதிரி ரயில் சங்கம் வண்டிகளின் வரைபடங்களைச் சேர்த்து வைக்கிறது. நமக்கும் அந்த அக்கறை வேண்டும், அதுவும் ஏற்றி இறக்கியவர்கள் உயிரோடிருக்கும்போதே.

மே 24

பெரியப்பா வீட்டு இஸ்தோப்பில் மாலை முழுக்க. கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் என் கேள்விகளை விட்டுவிட்டு, கைகளால் பேசத் தொடங்கினார்.

"தேயிலைப் பெட்டிய தூக்கி உள்ள வைக்க மாட்டோம் தம்பி. கதவடியில ஒரு மூலைய வச்சு, அப்படியே சாச்சு இழுத்து உள்ள தள்ளுவோம்."

"அப்போ கதவடிப் பலகை தேயுமே பெரியப்பா?"

"தேயாம? நடுவுல குழிஞ்சே போயிருக்கும். பெட்டியோட தகரம் அறுத்து அறுத்து, சாயமே இருக்காது. வெறும் மரம் பளபளன்னு இருக்கும்."

இது எந்த வரைபடத்திலும் இருக்காது. தேயிலைப் பெட்டியின் விளிம்புகளில் அடித்த தகரப் பட்டி பலகையை அறுத்ததும், நடு மட்டும் குழிந்ததும், இழுத்தவருக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். கூட்ஸ் பெட்டியை மூடியபின் கம்பி கோத்து ஈய முத்திரை வைப்பார்களாம். போகும் இடத்தைப் பக்கப் பலகையில் சோக்கால் எழுதுவார்களாம், மழை பட்டு அழிந்தால் பழைய எழுத்தின் மேலேயே மறுபடி எழுதுவார்கள்.

வாசனை விஷயத்தில் அவர்கள் கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். "கருவாடு ஏத்தி வந்த பெட்டியா இருந்தா கூட்டிக் கழுவினாலும் தேயில ஏத்த மாட்டோம். நான் உள்ள ஏறி மோந்து பாத்துச் சொல்லுவேன்." வாய்மொழியாகவே நடந்த இந்தத் தரப் பரிசோதனையில் ஒன்று தப்பியிருந்தாலும் கொழும்பு ஏலத்தில் ஒரு தோட்டத்தின் பெயர் கெட்டிருக்கும்.

டிக்கோயாவுக்குத் தண்டவாளம் வரவில்லை. 1884இல் ஹட்டனை அடைந்த பாதை கொட்டகலைப் பக்கம் திரும்பி, மறு வருடம் நானுஓயாவுக்குப் போனது. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களின் தேயிலை ஹட்டனுக்கு இறங்கித்தான் கோச்சி ஏறியது. அந்த நாலு பக்கத்துத் தேயிலையும் பெரியப்பாவின் தோளைத் தொட்டுப் போயிருக்கும்.

ஜூன் 2

பக்கச் சுவர்கள் முடிந்தன. பெயர்ப்பலகை எழுதுகிற கடையில் வாங்கிய அரை மில்லிமீற்றர் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. என் அளவையில் அது 2 அங்குலப் பலகைக்குச் சமம், கதவோரத்தில் பலகையின் தடிப்பு உள்ளபடி தெரியும். 6 அங்குலப் பலகைக்கு ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி. ஊசிமுனையால் இழுத்த கோடு மிக ஆழமாகிவிட்டால் பலகை பலகையாகத் தெரியாது, வேலி மாதிரி தெரியும். அதனால் ஒரே இழுப்பு, அழுத்தாமல். பிறகு இரண்டு பலகைகளை மட்டும் தனியாக வெட்டி மாற்றி ஒட்டினேன், பழுது பார்த்த பெட்டியில் புதுப் பலகை தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆணித் தலைகளுக்கு அம்மாவின் பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த அலுமினியத் தாளை எடுத்தேன். அதை மெல்லிய பட்டிகளாக வெட்டி, றப்பர் துண்டின்மேல் கவிழ்த்து வைத்து, மழுங்கிய ஊசியால் பின்புறமிருந்து ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். மறுபக்கம் கால் மில்லிமீற்றர் மொட்டுகள் எழும்புகின்றன. ஓர் அங்குல ஆணித் தலை அதுதான். திருப்பி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு மொட்டுக்கும் தனித்தனி நிழல். அந்தப் பட்டி சட்டத்தில் ஒட்டியதும் பிளாஸ்டிக் இரும்பாகிவிடுகிறது.

ஜூன் 11

மூன்று நாளாகக் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. காற்று. பசை காயவில்லை.

ஜூன் 15

அலுமினியத் தாள் கொடுத்த அதே பெட்டியை இன்று அளந்தேன். பக்கம் 19 அங்குலம், உயரம் 24. சிறு உருவில் 4.75 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர். அம்மா அதில் போர்வைகளை வைத்திருக்கிறார். கடதாசிப் பை வந்தபின் ஸ்டோர்களில் மரப் பெட்டியைப் பார்க்க முடிவதில்லை. லயங்களில்தான் இன்னும் இருக்கிறது, துணிக்கும் பாத்திரத்துக்கும்.

பெட்டியின் முகத்தில் தோட்டத்தின் பெயர், தரம், இலக்கம், மொத்த நிறை, வெறும் பெட்டியின் நிறை, தேயிலையின் நிறை எல்லாம் மையால் அச்சுத்தகடு வைத்து அடித்திருப்பார்கள். இரண்டு அங்குல எழுத்து அரை மில்லிமீற்றராகிறது, கண்ணால் வாசிக்க முடியாது. தூரிகையால் சாம்பல் கீற்று இழுத்துவிட்டால் போதும் என்று பல கைவினைஞர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. கீற்று கீற்றாகத்தான் தெரியும். உண்மையான எழுத்துகளைச் சுருக்கி அச்சிட்டால் வாசிக்க முடியாதபோதும் வரிகளின் நீள அகலம் கண்ணுக்குச் சரியாக விழும். மகள் கணினியில் தயாரித்து அச்சிட்டுத் தந்தாள். பெயரின் கீழே பி.ஓ.பி. என்ற தரம், அதற்குக் கீழே நிறைகள். கதவைப் பாதி திறந்து வைத்து, உள்ளே அடுக்கின் முகப்பு மட்டும் தெரியும்படி ஒட்டப்போகிறேன்.

ஜூன் 28

சாயம். சாயம் என்பதைவிட அழுக்கு என்பது பொருந்தும். அழுக்குக்கும் காரணம் இருக்க வேண்டும். கண்டபடி கறுப்பைத் தடவிவிட்டுப் பழசு என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

மலைப்பாதையின் சரக்கு இப்படித்தான் ஓடியது: அரிசியும் உரமும் மேலே ஏறின, தேயிலை கீழே இறங்கியது. ஏறும்போது நாவலப்பிட்டியில் பின்னால் இன்னோர் எஞ்சின் சேர்த்துத் தள்ளுவார்கள். இறங்கும்போது வழி நெடுகப் பிரேக். 44க்கு 1 இறக்கத்தில் வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தை உரசிக்கொண்டே வரும். அந்த இரும்புத் தூள் அடிச்சட்டம், கிரீஸ் பெட்டி, வில் எல்லாவற்றிலும் படிந்து, மழையில் துருவாகும். எனவே பெட்டியின் கீழ்ப்பாகம் மேல்பாகத்தைவிட வேறு நிறம்: செம்மண்ணும் இல்லை, கறுப்பும் இல்லை, பழுத்த துரு. சமதரையில் ஓடிய பெட்டிக்கு இவ்வளவு வராது.

கூரைக்குப் புகைக்கரி. 1963இல் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கி ஒன்பது வருடமாகியிருந்தது. நீராவியும் கூடவே ஓடியது. என் பெட்டி தலவாக்கலைப் பக்கமும் போய்வந்தது என்று வைத்திருக்கிறேன். அப்படியானால் கொட்டகலைக்கு முன் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்திருக்கும். அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம், புகைக்குப் போக்கிடமில்லை. கரி கூரையில்தான் படியும். கூரையின் நடுவில் அடர்த்தியாகவும் ஓரங்களில், மழை வழிந்த கோடுகளோடு, மெல்லியதாகவும் தடவினேன்.

கதவடிப் பலகையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். உண்மையான மரச் சீவல். நடுவை அரத்தாளால் குழித்து, விரலால் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். சாயம் அதன் இரண்டு முனைகளில் மட்டும்.

ஜூலை 4

பெரியப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, பெட்டியைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, கதவடியை நகத்தால் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் தேயணும். நாங்க இடது கைப் பக்கமா சாச்சுத்தான் இழுப்போம்." அரத்தாளை எடுத்துக் கொடுத்தேன். அவரே தேய்த்தார்.

99 சென்ரிமீற்றர் வளைவில் பெட்டி நன்றாக ஓடுகிறது, பஃபர்கள் சிக்கவில்லை. அடுத்தது கார்ட் வண்டி. அது இல்லாமல் கூட்ஸ் கோச்சி மலையிறங்கக் கூடாது. கைப்பிரேக் அதில்தான் இருக்கிறது. அதன் உட்புறம் பெரியப்பாவுக்குத் தெரியாது, ஷெட்டில் வேலை செய்தவர்களை அதில் ஏற விடுவதில்லை. நாவலப்பிட்டியில் இளைப்பாறிய கார்ட் ஒருவர் இருக்கிறார் என்றும் தொண்ணூறை நெருங்கிவிட்டார் என்றும் சொன்னார். தொலைபேசியில் கதைத்தேன், வரச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலைக் கோச்சிக்குப் போக வேண்டும். கைப்பிரேக் சக்கரத்தின் உயரத்தை அவர் இடுப்பைக் காட்டிச் சொன்னால், அளவுநாடாவால் அங்கேயே எடுத்துவிடலாம்.