கடையில் வாங்கிய அரிசி

எங்கள் வீட்டில் அரிசியைக் கடையில் வாங்கும் வழக்கமே இருக்கவில்லை. வாப்பா வேளாண்மை செய்பவர். அறுவடை முடிந்ததும் சாப்பாட்டுக்கான நெல் மூடைகள் வீட்டுக்கு வந்துவிடும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனால் அந்தப் பெரும்போகத்தில் எங்கள் வயலுக்கு வேண்டிய நேரத்தில் யூரியா கிடைக்கவில்லை. பயிர் மஞ்சளடித்து நின்றது. அறுத்த கொஞ்ச நெல்லும் கடனுக்கே போய்விட்டது.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, இருட்டோடு இருட்டாக வாப்பா ஐந்து கிலோ அரிசிப் பையுடன் வந்தார். நேரே குசினிக்குள் போய் அதை வைத்தார்.

"கடை அரிசி, வாசமே இல்லை" என்று நான் கோப்பையைத் தள்ளினேன். வாப்பா பேசாமல் எழுந்து போனார்.

இப்போது உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். 1953 இல் அரசாங்கம் அரிசி மானியத்தை வெட்டியதால், பங்கீட்டு அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12 இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

அந்தப் பாடத்தை வாசிக்கும்போது வாப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கொழும்பில் யாரோ எடுத்த முடிவை, தன் குற்றம்போல அவர் இருட்டில் சுமந்து வந்திருக்கிறார்.

அன்றிரவு நானே அவருக்குச் சோறு போட்டேன்.

"வாப்பா, அன்றைக்கு நான் கோப்பையைத் தள்ளியிருக்கக் கூடாது."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நீயும் இருந்து சாப்பிடு மகள்" என்றார்.