நூலில் தொங்கிய பொட்டலம்

நசரத்பேட்டையில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மத்திய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் பேத்தி தன் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். 'குழந்தைப் பருவ நினைவுகள்' என்னும் அப்பாடத்தில் இரு பெண்மணிகளின் இளமை அனுபவங்கள் அருகருகே உள்ளன. ஒருவர் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த சிட்கலா-சா. வெள்ளையரின் விடுதிப் பள்ளியில் தம் நீண்ட கூந்தல் வலிந்து கத்தரிக்கப்பட்ட நாளை அவர் எழுதியுள்ளார். மற்றவர் 1992-இல் வெளிவந்த 'கருக்கு' நூலின் ஆசிரியர் பாமா. நம்மைப் போன்றே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இனவெறியும் சாதிவெறியும் உடன்பிறப்புகளே என்பதை அப்பாடம் ஓசையின்றி உணர்த்திவிடுகிறது.

பள்ளியிலிருந்து திரும்பும் சிறுமி பாமா, தெருவில் ஒரு முதியவரைக் காண்கிறாள். பலகாரப் பொட்டலத்தை, கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிவந்து, அவர் நிலக்கிழாரிடம் பணிந்து கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டில் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. கைபட்டால் தீட்டு என்று கருதுவதாலேயே அவர் அவ்வாறு பிடித்தார் என விளக்குகிறார். சிரிப்பு சினமாக மாறுகிறது.

அந்தக் காயம் பள்ளிப் பருவத்தோடு ஆறிவிடவில்லை. பின்னாளில் துறவற சபையில் சேர்ந்த பாமா, அங்கும் சாதியைக் கண்டு ஏழு ஆண்டுகளில் வெளியேறினார்.

படித்து முடித்த பேத்தி, "தாத்தா, நம் வீட்டிலும் இப்படி இருந்ததா?" என்று கேட்டாள்.

நம் நினைவு பழைய வீட்டின் புழக்கடைக்குச் சென்றது. கூரை இறவாரத்தில் ஓர் அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும். நம் வயலில் உழைத்த பெரியவர் அதை எடுத்து நீட்டுவார். நாம் உயரத் தூக்கி நீர் வார்ப்போம். குடித்தபின் அவரே கழுவிச் செருகுவார். ஞாயிறன்று அவரும் நாமும் ஒரே கோவிலில் நற்கருணை உட்கொண்டோம். சிறுவயதில் நாம் படித்த நீதிக்கதைகளில் பிறரன்பு இருந்தது, அத்தம்ளர் இல்லை. எனவே அது ஏன் என்று கேட்க நமக்குத் தோன்றவேயில்லை. பெரியவர் இறந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட ஆண்டவரிடம் மொள்ளுவதற்குப் பாத்திரம் இல்லை. அவளுடைய பாத்திரத்திலேயே அருந்த அவர் முன்வந்தார். எத்தனை முறை அப்பகுதியைக் கேட்டிருக்கிறோம்!

"இருந்ததம்மா" என்று பேத்தியிடம் யாவற்றையும் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை.

புதுநன்மைக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் பிள்ளைகளுக்கு நூல்களைப் பரிசளிக்கிறோம். அவற்றுள் ஒன்றாவது இத்தகைய கேள்வியை எழுப்பட்டும். பதில் சொல்ல நாம் கூசினாலும், அவர்கள் கேட்கட்டும்.