நடுக்கூடத்து நாற்காலி

"இன்னாடா இது, தெருமுனைக்குக்கூடக் கேக்காதே" என்றார் மைக் செட்காரர்.

பெரியவன் பதில் சொல்லவில்லை. முழ உயர மரப்பெட்டிகள் இரண்டைப் பிளாஸ்டிக் ஸ்டூல்களின் மேல் வைத்து, பின்பக்கம் வயரைத் திருகிக்கொண்டிருந்தான். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவனோடு வேலை பார்ப்பவர் வீடு மாறுகிறார். அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரும் இந்த இரண்டு பெட்டிகளும் சேர்த்து 12,000 ரூபாய். வைத்துக் கேட்டுப் பார், பிடித்தால் பணம் கொடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த வீட்டில் பாட்டுக்கென்று இதுவரை ஒரு சாமான் இருந்ததில்லை. ஆளுக்கொரு கைபேசி உண்டு. படகுக்கு எடுத்துப் போகிற புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று உண்டு. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அதன் ஒரு பொத்தான் உள்ளே போய்விட்டது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வசதியாகப் போயிற்று.

மைக் செட்காரர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வீராம்பட்டினத்தில் சத்தம் என்றால் அது தெருவுக்கானது. செங்கழுநீர் அம்மனுக்கு ஆடியில் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர். அந்த மாதத்தில் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் எல்.ஆர். ஈஸ்வரி கடற்கரை வரை போவார். குழாய்க்கு அடிநாதம் வராது. ஆனால் சின்ன யூனிட்டின் கொஞ்ச சக்தியைக்கூட அந்த விரிந்த வாய் வீணாக்காமல் காற்றில் ஏற்றிவிடும். குரலின் நடுப்பகுதி மட்டும் கூராகத் தனியே கிளம்பிப் போகும். அம்மன் பாட்டுக்கு அது போதும் என்பதல்ல, அதுதான் வேண்டும். வேறு எதில் போட்டாலும் அது ஆடி மாதம் போல இருக்காது.

"4440 போர்டு ரெண்டு, 12 இஞ்ச் உஃபர், பிளைவுட் பாக்ஸ். 4,000-க்குள்ள முடிச்சுக் குடுக்கறேன். இடிக்கும்" என்றார்.

டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் வளர்ந்த தலைமுறைக்கு இந்த 4440-ஐ அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சான்யோ கம்பெனியின் எல்.ஏ.4440 என்கிற ஒரு சில்லு. இரண்டு பக்கமாகப் பிரித்தால் பக்கத்துக்கு 6 வாட்; இரண்டையும் ஒன்றாக இணைத்தால் 19 வாட். அவ்வளவுதான் அதன் வல்லமை. அதை வைத்துத்தான் தமிழ்நாட்டுப் பஸ்களும் சலூன்களும் பாடின. மைக் செட்காரர் அதற்கும் முந்தியவர். வாலிபத்தில், தண்ணீர்ப் பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டிக் கேட்டவர். பானைக்குள் அடைபட்ட காற்று தன் சுருதியில் அதிர்ந்து, அடிநாதத்தைத் தூக்கிக் கொடுக்கும். காக்காயந்தோப்புப் பக்கம் அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கூடை கூடையாகப் பானையோடுகள் கிடைத்த பகுதி இது. பானைக்கு இன்னும் என்னென்ன வேலை உண்டு என்று வீலருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சின்னவனுக்கு நேரு வீதிக் கடையில் பார்த்த ஹோம் தியேட்டர் மேல் ஆசை. ஐந்து குட்டிப் பெட்டி, ஒரு உஃபர், பாட்டுக்கு ஏற்றபடி நிறம் மாறும் விளக்கு. அட்டைப்பெட்டியில் 10,000 வாட் என்று போட்டிருக்கிறதாம். அதன் கீழே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்ததை அவன் சொல்லவில்லை. ஒரு நொடியின் துணுக்கில் எட்டக்கூடும் என்று கம்பெனியே போட்டுக்கொள்கிற கணக்கு அது. ஆர்.எம்.எஸ். என்கிற நிரந்தரக் கணக்கில் பார்த்தால் அதில் நூறில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். போதாக்குறைக்குக் காது ஒரு கஞ்சன். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாக அது ஒப்புக்கொள்ள, திறனைப் பத்து மடங்காக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் செலவாவதே இல்லை. பெரியவன் இதையெல்லாம் தம்பியிடம் விளக்கவில்லை. "பாட்டு ரெண்டு பக்கத்துக்குத்தான்டா ரெக்கார்ட் பண்றாங்க, மீதி மூணு பெட்டி சும்மா கிடக்கும்" என்றான். அதுவே போதுமானதாக இருந்தது.

அம்மாவுக்கு டிவிக்கு அடியில் வைக்கிற சவுண்ட் பார். தவணையில் கிடைக்கும், இடத்தை அடைக்காது, அடுப்படிக்குக் கேட்கும். இந்த மூன்றாவது காரணத்தை அவர் இரண்டு முறை சொன்னார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் தேங்காய்த்திட்டில் கட்டிக் கிடக்க, வெயிலுக்கு ஒதுங்கி அவர் கூடத்திலேயே வலையைப் பரப்பிப் பொத்தல் கட்டிக்கொண்டிருந்தார். மூலையில் இடுப்பளவுக்கு வலைக்குவியல்.

முதலில் 'பிரியா'. 1978-இல் ஸ்டீரியோவில் பதிவு செய்த இளையராஜா பாடல்கள். பெரியவன் கைபேசியிலிருந்து வயர் வழியாகவே கொடுத்தான். பெட்டிகள் சுவரோடு சுவராக ஒட்டி, அதில் ஒன்று மூலையில் இருந்ததால் 'கும்கும்' என்று ஒரே உருட்டல். மூலையின் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிநாதத்தை ஊதிப் பெரிதாக்கிவிடும். மைக் செட்காரர் முகம் மலர்ந்தது. பெரியவனுக்கு மட்டும் ஏதோ சரியில்லை. பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுத்தான். உருட்டல் வடிந்தது. அப்பாவின் ஊசி நின்றது.

"மறுபடி போடு."

போட்டான். அவர் எழுந்து இடதுபக்கப் பெட்டிக்குப் போனார், குனிந்தார், வலதுக்குப் போனார். "இதுல ஒருத்தன், அதுல வேற ஒருத்தன்" என்றார். பிறகு இரண்டுக்கும் நடுவில் நின்று, "பாடறவரு எதுலயும் இல்லியே. இங்க நிக்கிறாரு" என்று வெறுஞ்சுவரைக் காட்டினார்.

"ரெண்டுலயும் ஒரே அளவு வர்றதால அப்படித் தெரியுதுப்பா."

காதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கட்டுமரத்தில் போன நாளில், கீழே கத்தாழைக் கூட்டம் போனால் மரத்தில் காதை வைத்தே கண்டுபிடித்தவர். அந்த மீன் காற்றுப்பையைத் தசையால் அடித்துச் சத்தம் எழுப்பும். அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அப்போது கேள்வி. எங்கே நின்றால் இரண்டு பக்கமும் சரியாக வரும் என்பது இப்போதைய கேள்வி. அவர் அளவு நாடா கேட்கவில்லை. கையை விரித்து, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பாகம் வைத்தார். கடலாழம் அளக்கிற அதே பாகம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பாகம் பின்வாங்கி, இரண்டு அளவும் சந்தித்த இடத்தில் நாற்காலியைப் போட்டார். முக்கோணத்தின் மூன்று பக்கமும் சமம். பெரியவன் கைபேசியில் தேடி வைத்திருந்த படமும் அதையேதான் காட்டியது. அவன் அதை மூடிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது வலை மொட்டைமாடிக்கு ஏறியிருந்தது. கூடம் துப்புரவாக, காலியாக இருந்தது. பாட்டும் கெட்டுப்போயிருந்தது. குரலைச் சுற்றிக் கணகணவென்று ஒரு தகரச் சத்தம். ஆம்ப்தான் பழுது என்றார் மைக் செட்காரர். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு முறை கை தட்டினார். டைல்ஸ் தரையும் சிமெண்டுச் சுவரும் அந்தத் தட்டலைத் திருப்பித் திருப்பி அடித்தன. அவர் மாடிக்குப் போய் வலையில் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பழைய மூலையிலேயே கொட்டினார். சின்னவன் மெத்தையைக் கொண்டுவந்து பின்சுவரில் சாய்த்தான். கணகணப்பு அடங்கியது. "நாறுது" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

பெட்டிகளை விற்பவர்கள் கூடத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். கூடத்தை அவர்களால் விற்க முடியாதே.

'ஹவ் டு நேம் இட்' ஓடியது. 1986-இல் வந்த ராஜாவின் இசைத்தொகுப்பு. பாட்டு வரி கிடையாது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நடக்கும். பாட்டு எப்போது வரும் என்று கேட்டபடி ஆயா உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் மறுத்துவிட்டு, வலதுபக்கப் பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு காதுதான் வேலை செய்கிறது. அந்தப் பெட்டியில் வருவது மட்டும்தான் அவருக்குப் பாட்டு, மறுபாதி இல்லை. பெரியவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைபேசியில் மோனோ என்றிருந்ததைத் தட்டினான். இரண்டு பக்கமும் கலந்து இரண்டு பெட்டியிலும் ஒன்றாக வந்தது. அப்பா அளந்து வைத்த முக்கோணம் வீணாகிப்போனது. அவர் திரும்பி மகனைப் பார்த்தார், பிறகு ஆயாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்புறத்தை ஆராய்ந்தார். அவர் வந்ததன் பலன் அப்போதுதான் தெரிந்தது. "டெர்மினல்ல பச்சை பூத்திருக்கு பாரு. உப்புக்காத்து. சுரண்டி, கிளீனர் அடிச்சா சரியாப்பூடும். ஆனா இதைக் காட்டி 2,000 கொறைச்சுக் கேளு. வருஷத்துக்கு ஒருதரம் என்கிட்ட எடுத்தா." தோற்ற கட்சிக்காரர் போல இல்லை, பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்தவர் போலத்தான் இருந்தார்.

பெரியவன் போனில் பேசினான். அந்தப் பக்கம் 1,000 குறைத்தார்கள். 11,000-க்கு முடிந்தது.

"முடிஞ்சுதில்ல? டிவி வயரையும் அதுலயே குத்து" என்றார் அம்மா.

"அம்மா, அது பாட்டு கேக்கறதுக்கு..."

"எட்டரைக்கு சீரியல்."

குத்தினான். சீரியலின் தொடக்க இசை வந்தது. இத்தனை நாள் டிவியின் முதுகிலிருந்து மூக்கடைப்போடு வந்துகொண்டிருந்தது, இப்போது இடதிலும் வலதிலும் பிரிந்து நடுவில் கூடியது. அடுப்படியில் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. அம்மா வெங்காயத் தட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"எந்திரி. போயி அடுப்பக் கொறை" என்றார் அப்பாவிடம்.