அலுமாரிக்கு மேலே ஒரு வயலின்

எங்கள் வீட்டில் யாருக்கும் வயலின் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாப்பும்மாவின் அலுமாரிக்கு மேலே ஒரு வயலின் இருக்கிறது. சீத்தைத் துணியில் சுற்றி, கறுப்புப் பெட்டிக்குள், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது அங்கேதான். சின்ன வயதில் அதற்குள் என்னவென்று கேட்டால், "அது அமானிதம், தொடப்படாது" என்பார் வாப்பும்மா. அமானிதம் என்பது ஏதோ ஒரு சாமானின் பெயர் என்றே பல நாள் நினைத்திருந்தேன்.

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் 'அப்பா' என்போம். பதுளை நகரில் அவருக்குச் சிறிய கடையொன்று இருந்தது. பக்கத்து வீட்டில் சங்கீதம் படிப்பித்த ஒரு மாஸ்டர் குடியிருந்தார். 1983 ஜூலை வன்செயல் 27ஆம் திகதி பதுளைக்கும் வந்தது. கடைவீதியில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. அன்று மாஸ்டரின் குடும்பம் எங்கள் பின்னறையில் இருந்தது. விளக்குக்கூட ஏற்றவில்லையாம். பிறகு முகாமுக்குப் போகும்போது, பெட்டியை அப்பாவின் கையில் கொடுத்து, "வந்து எடுத்துக்கிறேன் நானா" என்றாராம். அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டதாகப் பின்னர் யாரோ சொன்னார்கள். கடிதம் எதுவும் வரவில்லை. நாங்கள் இரண்டு தடவை வீடு மாறினோம். இரண்டு தடவையும் அப்பா அந்தப் பெட்டியை லொறியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

இதையெல்லாம் நான் சரியாகக் கேட்டறிந்தது போன வருடம்தான். அதற்குக் காரணம் ரியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி. பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறார். அவள் உயர்தரத்துக்குக் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள், வயலினோடு. பாடசாலையில் நான்கு பேருக்கு ஒரு வயலின். லயத்தில் விறகுக் கட்டையொன்றைத் தோளில் சாய்த்து விரல் பழகுவதாக அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் இடைவேளையில் அவளுடைய போனில் ஒரு காதுக்குழாயை என்னிடம் தந்தாள். எல். சுப்பிரமணியம் இயற்றிய ஓர் ஆக்கம். 1985இல் அதை நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் அவரே வாசித்தார். நடத்தியவர் சுபின் மேத்தா. அவர் 1936இல் பம்பாயில் பிறந்தவர், தகப்பனார் மெஹ்லி மேத்தாவும் வயலின் கலைஞர். மேலைத்தேயக் குழுவில் ஒவ்வொருவருக்கு முன்னாலும் சுரத்தாள் இருக்கும். எழுதியதைத்தான் வாசிப்பார்கள், அதுவும் நாடியோடு வயலினைச் சேர்த்துப் பிடித்து. நமது வித்துவானோ சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பக்கத்தைக் கால் மேல் ஊன்றிக்கொள்கிறார். கழுத்தால் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் இடது கை தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடுமாம். கமகம் அங்கேதான் பிறக்கிறது என்றாள் தோழி. அவர்களின் தந்திச் சுருதி ஒரு மாதிரி, நம்முடையது 'ச-ப-ச-ப'. இத்தனைக்கும் கருவி ஒன்றே. ஐரோப்பியர் கொண்டுவந்த வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் என்பது அவளுடைய பாடத்தில் வருகிறது.

எனக்கு ராகம் எதுவும் தெரியாது. பெரிய கூட்டமொன்று ஒரே நேரத்தில் மூச்சு விடுவதைப் போலக் கேட்டது. அதற்கு நடுவில் ஒற்றைக் குரல், யாரிடமோ வழி கேட்பதைப் போல. ரியூஷன் மணி அடித்தும் நான் காதுக்குழாயைக் கழற்றவில்லை.

"இவர் சின்ன வயசுல யாழ்ப்பாணத்துலதான் இருந்தாரு, தெரியுமா?" என்றாள் தோழி. தகப்பனார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. மகன் அங்கே வைத்தியப் படிப்பை முடித்தும் வயலினையே பிடித்துக்கொண்டார்.

கப்பலேறிய இன்னொரு சங்கீத ஆசிரியரின் நினைவு எனக்கு வந்தது அப்போதுதான். வீட்டில் இருக்கும் பெட்டியைப் பற்றி அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஏனென்றால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு வாப்பாவிடம் கேட்டேன். "அமானிதத்தை இரவல் கொடுக்க நமக்கு உரிமையில்ல மகள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வாப்பா சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு அழுகை வந்தது. வாப்பும்மா தஸ்பீஹை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பெட்டியை இறக்கச் சொன்னார்.

நான்கு தந்திகளில் இரண்டு அறுந்திருந்தன. மற்ற இரண்டும் துருவேறியிருந்தன. தந்தி தாங்கும் குதிரை சரிந்து கிடந்தது. வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருந்தது. வாப்பும்மா நீண்ட நேரம் பார்த்தார்.

"கிடந்தே கெட்டுப்போனா, அவர் வந்து கேட்கக்குள்ள நான் என்ன சொல்ற? பாதுகாக்கத்தானே தந்தாரு."

வாப்பா பதில் பேசவில்லை. அடுத்த கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கண்டிக்குப் போய்ப் பழுது பார்த்துக்கொண்டு வந்தார். எவ்வளவு செலவென்று இன்றுவரை சொல்லவில்லை. வாசிக்காமல் வைத்தால் மறுபடியும் கெடும் என்று பழுது பார்த்தவர் சொன்னாராம். அதை வாப்பா இரண்டு முறை சொன்னார், வாப்பும்மாவைப் பார்த்தபடி.

ஆகவே வயலின் வீட்டைவிட்டு வெளியே போகாது. தோழிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ரியூஷன் முடிந்து வருகிறாள், ஒன்றரை மணித்தியாலம், பசறைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிறமாதிரி. முதல் நாள் வில்லை வைத்ததும் பூனை கத்தியதுபோல ஒரு சத்தம். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது கிழமை ஒரு வர்ணம் முழுதாக வந்தது.

அவள் போனதும் வாப்பும்மா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணுவார். வயலின், வில், ரோசனக் கட்டி. கடைசியில் ஒரு கடித உறை. அதற்குள் அந்தத் துருவேறிய பழைய தந்திகள் நான்கும் சுருட்டி வைத்திருக்கின்றன. எறியப் போனேன், வாப்பும்மா விடவில்லை. அதுவும் மாஸ்டருடையதுதானாம்.