வெள்ளவத்தையில் வந்தியத்தேவன்

வெள்ளவத்தை 57-ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தை நேயர்கள் அறிவர். 1942-இல் தோன்றிய அச்சங்கத்தின் நூலகத்திற்கு நம் மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். சரித்திரப் புதினங்களின் அடுக்கின் முன் நின்றபோது, அமரர் கல்கியின் சந்ததியார் கூடிய மண்டபத்தில் நிற்பதுபோலவே தோன்றிற்று.

அரசனை நடுவில் இருத்தாமல், குதிரையேறி வரும் ஓர் இளைஞனின் கண்வழியே அரசியலைக் காட்டுவது ஸ்காட், டூமா முதலியோர் வகுத்த வழி. அதனைத் தமிழுக்கு உரியதாக்கியவர் கல்கி. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’, பொன்னியின் செல்வனைத் தொடர்ந்து செல்லும் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ யாவும் அவர் வெட்டிய வாய்க்காலில் பாய்ந்த நீரே. (சாண்டில்யன் சிருங்காரத்தைச் சற்றுத் தாராளமாகவே கலந்துவிட்டார், அது வேறு கதை.)

ஆயினும் பொன்னியின் செல்வனில் நமக்கொரு தனி உரிமை உண்டு. பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் வந்து இறங்குவது நமது தீவில் அன்றோ? 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த அக்கதையைப் பாட்டனார் சேர்த்துக் கட்டுவித்து, கொட்டாஞ்சேனை வீட்டில் வைத்திருந்தார். 1983 ஜூலையில் வீட்டோடு அதுவும் எரிந்தது. பின்பு தந்தையார் முதன்முதலில் வாங்கிய நூல் அதுவே. அநுராதபுரத்தில் பிக்குகள் நீட்டிய இலங்கை மணிமுடியை அருள்மொழிவர்மன் மறுக்கும் இடத்தை, அந்தப் பிரதியிலிருந்துதான் அவர் நமக்கு உரக்க வாசித்தார்.

“சேர், உண்மையாகவே அவர் முடியை வேண்டாம் என்றாரா?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

சரித்திரம் கூறுவது வேறு. 993-இல் இராசராசனின் படை இங்கு வந்தது, அநுராதபுரம் பாழ்பட்டது, சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கினர். அங்கே எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது. 1017-இல் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தது. விகாரைகள் சூறையாடப்பட்டதைச் சூளவம்சம் சொல்கிறது. தந்தை மறுத்ததாகக் கல்கி எழுதிய முடியை, மகன் சோழநாட்டுக்குக் கொண்டுபோனான்.

இவற்றையெல்லாம் மாணவர்க்குச் சொன்னோம். சிலர் முகம் வாடிற்று. கல்கி பொய்யுரைத்தார் என்று நாம் கருதவில்லை. அவர் கதை நிகழும் காலம் படையெடுப்புக்கு முந்தியது. அயலவர் உரிமையை மதிக்கும் இளவரசன் ஒருவனை அவர் விரும்பிப் படைத்தார். பின்வந்தோரில் பலர் அவரிடமிருந்து வாளையும் புலிக்கொடியையும் எடுத்துக்கொண்டு, முடியை மறுத்த அந்தக் கையை விட்டுவிட்டனரே என்பதுதான் நம் மனக்குறை.

அன்று மாலை கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் குளிர்ந்த தூணொன்றில் தந்தையார் சாய்ந்திருந்தார். மாணவியின் கேள்வியை அவரிடம் சொன்னோம்.

“நடந்தது எனக்குத் தெரியும், தம்பி. எரிந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த எனக்கு, அந்த அத்தியாயம்தான் வேண்டியிருந்தது” என்றார் அவர்.